மேலைநாட்டுச் சாப்பாடு தறிவீட்டுக்குள் வந்த வழி

மேலைநாட்டு உணவு என்றதும் பீட்சாவும் பர்கரும்தான் நினைவுக்கு வருகின்றன. அவற்றை விற்கும் கடைகள் காஞ்சிபுரத்துக்கும் வந்துவிட்டன. பிறந்தநாள் என்றால் பிள்ளைகள் அங்கே போக ஆசைப்படுகிறார்கள். என்றைக்கோ ஒருநாள் சாப்பிடும் அந்தப் பீட்சாவைப் பற்றி இந்த அத்தியாயத்தில் அதிகம் பேசப்போவதில்லை. பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் தறிக்குழியில் கால் இறக்குவதற்கு முன் குடிக்கும் சர்க்கரை டீ, பதினோரு மணி டீயோடு வரும் கிரீம் பிஸ்கட், நாலு மணிக்கு பஜ்ஜி அல்லது முட்டை பப்ஸ், இரவில் பார்சலாக வரும் பரோட்டா சால்னா ஆகியவைதான் எனக்குக் கவலை தருகின்றன. மேலைநாட்டுச் சாப்பாடு நம் தெருவுக்குள் வந்தது இந்த வழியாகத்தான். வெளிநாட்டுப் பெயர் இல்லாததால் நாம் அதை அடையாளம் கண்டுகொள்வதில்லை.

மருத்துவர்கள் மேலைநாட்டு உணவுமுறை என்று சொல்லும்போது எந்த ஒரு நாட்டுச் சமையலையும் மனத்தில் வைத்துச் சொல்வதில்லை. தவிடு போக வெளுத்த மாவு, சர்க்கரை, எண்ணெய், உப்பு ஆகியவை கூடி, காய்கறியும் பயறும் நார்ச்சத்தும் குறைந்து, பசித்தாலும் பசிக்காவிட்டாலும் நாள் முழுக்க ஏதாவது ஒன்று வாய்க்குள் போய்க்கொண்டிருக்கும் பழக்கத்தைத்தான் அப்படிக் குறிப்பிடுகிறார்கள். பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்லோஸ் மொன்தெய்ரோ, உணவுப் பொருள்களை ஆலையில் அவை எவ்வளவு தூரம் மாற்றப்பட்டன என்பதை வைத்துப் பிரிக்கும் முறையை 2009இல் முன்வைத்தார். வீட்டு அடுப்படியில் இல்லாத நிறமியும் சுவையூட்டியும் பதப்பொருளும் கலந்து பாக்கெட்டில் வருபவை அதில் கடைசி வகை. டீக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுகள் அந்த வகையைச் சேர்ந்தவை.

அந்த வகை உணவு என்ன செய்யும் என்பதை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். 20 பேரை அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவும் கொடுத்தார்கள். இரண்டு வகைச் சாப்பாட்டிலும் பரிமாறியவற்றில் மாவுச்சத்து, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் ஒவ்வொருவரும் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அது ஏறக்குறைய இரண்டு பரோட்டா. இரண்டே வாரத்தில் எடை சராசரியாக 0.9 கிலோ ஏறியது; சமைத்த உணவுக்கு மாறியதும் அதே அளவு இறங்கியது. யாரும் அவர்களை வற்புறுத்தவில்லை. மெல்ல வேண்டிய வேலை இல்லாத, வேகமாக உள்ளே போகிற உணவில் வயிறு நிறைந்துவிட்டது என்ற செய்தி தாமதமாக வருவதே முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். ஆகவே பாக்கெட் தீரும்வரை கை நிற்கவில்லை என்றால் உங்களுக்கு மனவுறுதி இல்லை என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். அது அப்படிச் சாப்பிடவைக்கும் பண்டம்.

குன்னூரில் கண்டது

நூறு ஆண்டுக்கு முன்னமே தமிழ்நாட்டில் இதற்கு ஒரு சான்று கிடைத்திருக்கிறது. 1918இல் குன்னூர் பாஸ்டியர் நிலையத்தில் ஓர் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். தீட்டிய அரிசியை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்குக் கால் மரத்துப்போய், இதயம் வீங்கி வந்த நோய் அது. அந்த அறைதான் பின்னாளில் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.

மெக்காரிசன் ஒரு கூட்டம் எலிகளுக்குப் பஞ்சாப் சீக்கியர்களின் சாப்பாட்டைக் கொடுத்தார்: தவிடு நீக்காத கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், பால், முளைகட்டிய கடலை, பச்சைக் காய், எப்போதாவது இறைச்சி. இன்னொரு கூட்டத்துக்கு அன்றைய இங்கிலாந்து ஏழைகளின் சாப்பாடு: வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை தூக்கலான டீ, டப்பா இறைச்சி, மலிவான ஜாம், வெந்து குழைந்த கோஸும் உருளைக்கிழங்கும். முதல் கூட்டம் கொழுகொழுவென்று வளர்ந்து அமைதியாக இருந்தது. இரண்டாவது கூட்டம் வளர்ச்சி குன்றி, நுரையீரல் நோயும் வயிற்று நோயும் கண்டு, பராமரிப்பவர்களையே கடித்தது. வலுவற்ற எலிகளை மற்றவை கொன்று தின்றன. எலிக்கு நடந்தது அப்படியே மனிதனுக்கும் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டியலை மறுபடி படியுங்கள். பன், பட்டர், ஜாம், சர்க்கரை டீ. நம் டீக்கடையில் இன்றைக்குக் கேட்டு வாங்கும் அதே பண்டங்கள்.

அந்தச் சோதனைகளில் இன்னொரு முடிவும் உண்டு. அதை நாம் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். இந்தியாவின் வெவ்வேறு பகுதிச் சாப்பாடுகளை அவர் எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டபோது, தீட்டிய அரிசிச் சோற்றையே பெரிதும் நம்பிய சென்னை மாகாணச் சாப்பாடு கடைசி வரிசையில் நின்றது. தாத்தா காலத்துச் சாப்பாட்டுக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று மேடையிலும் கைபேசியிலும் பேசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். கம்பும் கேழ்வரகும் கீரையும் சாப்பிட்ட தாத்தாக்கள் இருந்தார்கள். வெள்ளைச் சோற்றில் ரசத்தை ஊற்றி வயிற்றை நிரப்பிக்கொண்ட தாத்தாக்களும் இருந்தார்கள். எந்த நாட்டுச் சாப்பாடு என்று பார்ப்பதைவிட, அதில் தவிடும் நாரும் புரதமும் எவ்வளவு மிச்சமிருக்கின்றன என்று பார்ப்பதே பயன் தரும்.

உடம்புக்குள் நடப்பது

விரலில் ஜரிகை கீறிவிட்டால் அந்த இடம் சிவந்து, சூடேறி, வீங்கி வலிக்கிறது. கிருமியை விரட்டிக் காயத்தை ஆற்ற உடம்பு செய்யும் இந்த வேலைக்கு அழற்சி என்று பெயர். நாலைந்து நாளில் அடங்கிவிடும். நாம் இங்கே பேசுவது அடங்காத அழற்சியைப் பற்றி. அதில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சிவப்பும் இல்லை. பத்து, இருபது ஆண்டுகள் சத்தமில்லாமல் தொடர்கிறது.

அது தொடங்கும் இடங்களில் முக்கியமானது வயிற்றுக்குள், குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேரும் கொழுப்பு. தேவைக்கு மேல் வரும் சர்க்கரையும் மாவும் கொழுப்பாக மாறி அங்கே அடைகின்றன. கொழுப்பு அணுக்கள் அளவுக்கு மீறி உப்பும்போது, வெள்ளை அணுக்கள் அங்கே வந்து குவிந்து அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. 1993இல் கோகன் ஹோட்டாமிஸ்லிகில், புரூஸ் ஸ்பீகல்மன் ஆகியோர் பருத்த எலிகளின் கொழுப்பிலிருந்தே இப்படி ஒரு பொருள் வருவதையும், அதைத் தடுத்தால் இன்சுலின் நன்றாக வேலை செய்வதையும் காட்டினார்கள். அதுவரை கொழுப்பைச் சும்மா கிடக்கும் சேமிப்பு என்றே பலரும் நினைத்திருந்தார்கள். இன்சுலின் வேலை மந்தமானால் கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கும். சில ஆண்டுகள் சமாளித்துவிட்டுச் சோர்ந்துபோகும். சர்க்கரை நோய் என்று பரிசோதனைத் தாளில் வருவது அந்தச் சோர்வுக்குப் பிறகுதான். அதற்கு முன்பே ரத்தக்குழாய்ச் சுவர், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் பாதிப்படையத் தொடங்கியிருக்கும். மாரடைப்பும் பக்கவாதமும் கல்லீரல் சுருக்கமும் சில வகைப் புற்றுநோய்களும் இந்த ஒரே வேரிலிருந்து கிளைப்பதற்கு இதுவே காரணம்.

இன்னொரு தொடக்கம் குடலில். நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தைப் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் தின்று, குடல் சுவருக்கு ஊட்டமாகும் அமிலங்களைத் தருகின்றன. நார் வராவிட்டால் அவை குடலின் வழவழப்பான பூச்சையே அரிக்கத் தொடங்கும். சுவர் பலவீனமாகிறபோது கிருமிகளின் நச்சுத் துணுக்குகள் ரத்தத்தில் கசிந்து அழற்சியைக் கிளப்பும். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை மனிதர்களிடமே பார்த்தது. பிட்ஸ்பர்க் நகரத்துக் கறுப்பினத்தவர் 20 பேரும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர் 20 பேரும் தங்கள் சாப்பாட்டை இரண்டு வாரத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். நகரத்தவர்களுக்கு நார்ச்சத்து நாளுக்கு 14 கிராமிலிருந்து 55 கிராமாக ஏறியது. குடல் சுவரின் அழற்சி குறைந்தது. நகரத்துச் சாப்பாடு சாப்பிட்ட கிராமத்தவர்களுக்கு அது கூடியது. இத்தனையும் இரண்டே வாரத்தில். இந்தப் புத்தகத்தில் நான் கூறும் எல்லாவற்றிலும் இந்த ஒரு செய்தி எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. கெட்டது வேகமாக நடப்பதுபோல நல்லதும் வேகமாக நடக்கிறது.

ஒல்லியானவர்களுக்கு

"எனக்கென்ன, நான் ஒல்லிதானே" என்று சொல்லும் நெசவாளர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். 2004இல் லான்செட் இதழில் ஒரு புகைப்படம் வந்தது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யூட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் குறியீட்டெண் ஒன்றுதான், 22.3. ஆனால் உடலில் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. கையும் காலும் மெலிந்து, வயிறு மட்டும் முன்னே வந்திருப்பது நம்மவர்களின் உடல்வாகு. நாளெல்லாம் தறியில் உட்கார்ந்து, கால் மிதிக்கும் வேலை மட்டும் செய்யும் உடம்பில் தசை குறைந்து வயிற்றுக் கொழுப்பு கூடுவது இன்னும் எளிது. ஆகவே எடை மெஷினை நம்பாதீர்கள். இடுப்பை அளக்கும் நாடா போதும்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டக்கூடாது. தொப்புள் மட்டத்தில், மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்து அளப்பதில் பயனில்லை.

சென்னை டாக்டர் மோகன், டாக்டர் அஞ்சனா ஆகியோரின் தலைமையில் நாடு முழுக்க நடந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு 2023இல் வெளிவந்தது. தமிழ்நாட்டில் 20 வயது தாண்டியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது சொல்கிறது. நாட்டின் சராசரி 11.4. நூறு வீட்டுத் தெருவில் வீட்டுக்கு ஒரு பெரியவரை எடுத்தாலும் பதினான்கு பேர்.

டீ வேளையில் கைவையுங்கள்

எதை முதலில் மாற்றுவது? என் பதில்: சோற்றை அல்ல, டீ வேளையை. சோறு வீட்டில் எல்லோருக்கும் பொதுவானது. அதை மாற்ற ஐந்து பேரின் சம்மதம் வேண்டும். டீ உங்கள் கையில் இருக்கிறது.

கணக்குப் போடுவோம். கடை டீ ஒன்றில் இரண்டு ஸ்பூன், அதாவது சுமார் 10 கிராம் சர்க்கரை. நாளுக்கு ஐந்து டீ என்றால் 50 கிராம். சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிஸ்கட்டைத் தொடுவதற்கு முன்னமே இரண்டு மடங்கு ஆகிவிட்டது. வெயில் காலத்தில் 250 மில்லி குளிர்பானம் ஒன்று சேர்ந்தால் இன்னொரு 26 கிராம்.

ஒரே நாளில் சர்க்கரையை நிறுத்தினால் மூன்றாம் நாள் கசந்துபோய்ப் பழையபடி ஆகிவிடும். வாரத்துக்கு அரை ஸ்பூன் குறையுங்கள். நாக்கு பழகிக்கொள்ளும். மாஸ்டரிடம் "அண்ணே, சர்க்கரை அரை" என்று சொல்லிவையுங்கள். நாலு நாளில் அவரே நினைவு வைத்துக்கொள்வார். ஐந்து டீயில் இரண்டை எடுத்துவிட்டு அந்த வேளையில் நீர்மோரோ, இனிப்பில்லாத சுக்குமல்லிக் காப்பியோ குடிக்கலாம். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எதுவும் விதிவிலக்கல்ல. நிறமும் மணமும் வேறு, ரத்தத்தில் போய்ச் சேர்வது சர்க்கரைதான். இதை எழுதினால் பலருக்கு வருத்தம் வரும் என்று தெரியும். ஆனால் கருப்பட்டிக் காப்பி நல்லது என்று நம்பி நாளுக்கு நான்கு டம்ளர் குடிப்பவர்களுக்கு இதைச் சொல்லாமல் விடுவது தவறு.

அடுத்தது டீயோடு வரும் கடி. பப்ஸ், வர்க்கி, கிரீம் பன் ஆகியவற்றில் மைதாவும் கெட்டிக் கொழுப்பும் சேர்ந்திருக்கின்றன. 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புப் பொருள்களில் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம் வந்திருப்பது பெரிய நன்மை. ஆனாலும் மைதா மைதாதான். நூறு கிராம் மைதாவில் நார்ச்சத்து மூன்று கிராமுக்கும் குறைவு. அதே கோதுமையைத் தவிட்டோடு அரைத்தால் பதினோரு கிராம். பஜ்ஜி, போண்டாவில் எனக்குள்ள கவலை மாவைவிட எண்ணெய் பற்றியது. சூரியகாந்தி எண்ணெயே அழற்சியை உண்டாக்கும் விஷம் என்று பரவும் பேச்சுக்கு ஆதாரம் வலுவாக இல்லை. காய்ந்து காய்ந்து கறுத்த எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்கள்தான் ஆபத்து. அவை 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயைக் கொட்டிவிட வேண்டும் என்பது 2018 முதல் சட்டம். அளக்கும் கருவி நம்மிடம் இல்லை, கண் இருக்கிறது. சட்டியில் எண்ணெய் கறுத்து, நுரைத்து, கெட்டியாக இருந்தால் அந்தக் கடையில் அன்றைக்கு வேண்டாம். வீட்டில் ஒருமுறை பொரித்த எண்ணெயை ஓரிரு நாளில் தாளிக்கப் பயன்படுத்தி முடித்துவிடுங்கள். மறுபடி பொரிக்க வேண்டாம்.

அந்த இடத்துக்கு எது வரவேண்டும்? சுண்டல். நவராத்திரிக்கு ஒன்பது நாள் ஒன்பது விதமாகச் செய்யத் தெரிந்த வீடுகளில் மற்ற நாள்களில் ஏன் செய்வதில்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை. கொண்டைக்கடலை, காராமணி, பச்சைப்பயறு, மொச்சை எதுவானாலும் இரவு ஊறவைத்து, காலைச் சமையலோடு குக்கரில் ஒரு அடுக்கில் வைத்தால் தனி வேலை இல்லை. ஒரு கைப்பிடி உலர்ந்த கடலை வெந்தால் இருவருக்கு வரும். இரண்டு பப்ஸ் வாங்கும் காசைவிடக் குறைவாகவே ஆகும். வேகவைத்த வேர்க்கடலையும் நல்லது. சுண்டலில் புரதமும் நாரும் சேர்ந்திருப்பதால் மதியம்வரை பசி அடங்கியிருக்கும். பிஸ்கட் சாப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் மறுபடி கை நீளும். பாக்கெட்டில் ராகி பிஸ்கட், மல்டி கிரெய்ன் பிஸ்கட் என்று எழுதியிருந்தால் பின்பக்கம் திருப்பிப் பொருள் பட்டியலைப் பாருங்கள். அதிகமாக இருப்பதுதான் முதலில் இருக்கும். முதலில் மைதாவும் அடுத்து சர்க்கரையும் இருந்தால், முன்பக்கத்தில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்.

டீக்கு எழுவது என்பது உடம்பு அசையும் நேரமும்கூட. டீயைக் குறைக்கச் சொன்னதால் எழுவதையும் குறைத்துவிடாதீர்கள். நெய்த பகுதியைச் சுற்றிவிட்டு அடுத்ததைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் குழியிலிருந்து வெளியே வந்து தெருக்கோடிவரை நடந்துவிட்டு வாருங்கள். கோர்வைத் தறியில் இருவர் உட்காரும் வீடுகளில் இருவரும் சேர்ந்து எழலாம். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால், தசைகள் இன்சுலின் உதவி அதிகமில்லாமலே ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

மதியச் சோறு

இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று இந்தியாப் ஆய்வுக் குழுவினர் 2025இல் வெளியிட்டார்கள். அதில் கொஞ்சத்தை எடுத்துவிட்டுப் பயறு, பால், மோர் போன்ற புரதத்தை வைத்தாலே சர்க்கரை நோய்க்கான வாய்ப்பு குறைவதாகவும் கணக்கிட்டார்கள். சென்னையில் 2,042 பேரிடம் செய்து 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அன்றாடக் கலோரியில் ஏறக்குறைய பாதி தீட்டிய தானியத்திலிருந்து வந்தது. அதில் பெரும்பங்கு வெள்ளை அரிசி. அதை அதிகமாகச் சாப்பிட்டவர்களிடம் தொப்பை, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை எல்லாம் சேர்ந்த நிலை பல மடங்கு காணப்பட்டது. டீக்கடைப் பண்டம் இந்தச் சோற்றின் மேல்தான் வந்து சேர்கிறது. அமெரிக்கருக்குக் கொழுப்பும் இறைச்சியும் கூடியதால் வந்த நோய், நமக்கு ஏற்கெனவே கூடியிருந்த மாவின் மேல் சர்க்கரையும் எண்ணெயும் ஏறியதால் வருகிறது. ஆகவே அவர்களுக்கு எழுதிய உணவுத் திட்டத்தை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

பட்டை தீட்டாத அரிசிக்கு மாறிவிட்டால் போதுமா? போதாது. சென்னையில் தீட்டாத அரிசியை வைத்து நடந்து 2019இல் வெளிவந்த சோதனையில், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியில் பெரிய வித்தியாசம் இல்லை. தொப்பையும் கொதிப்பும் ஏற்கெனவே சேர்ந்திருந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் இறங்கியது. மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் நல்லவை. ஆனால் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கும் வீட்டில் கிலோவுக்கு நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்துக் கவுனி வாங்கச் சொல்வது என் வேலையல்ல. அளவைக் குறைப்பது காசு கேட்காது.

தட்டில் முதலில் பொரியலையும் கீரையையும் போடுங்கள். பாதித் தட்டு அவற்றுக்கு. ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு, பயறுக் குழம்பு, முட்டை அல்லது மீன். மிச்ச இடத்துக்குத்தான் சோறு. பொரியலையும் பருப்பையும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால், அதே சோறு சர்க்கரையை மெதுவாகவே ஏற்றும். ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்கு வரும் துவரம்பருப்பு இந்த மாற்றத்துக்குப் பெரிய துணை; சாம்பாரைத் தண்ணீராக்கி அதை ஒரு மாதம் இழுப்பதைவிட, கெட்டியாகச் செய்து சோற்றைக் குறைப்பதே கணக்குக்குச் சரி. ராஜாஜி மார்க்கெட்டில் முருங்கைக்கீரை, அவரை, கொத்தவரை, வாழைத்தண்டு கிடைக்காத வாரம் அநேகமாக இல்லை. நெத்திலி, மத்தி போன்ற மலிவான மீன்களில் அழற்சியைத் தணிக்கும் கொழுப்பு இருக்கிறது. பொரிக்காமல் குழம்பு வையுங்கள். வாரத்தில் நாலைந்து வேளை சோற்றுக்குப் பதில் கேழ்வரகுக் களியோ கம்பங்கூழோ வரட்டும். கூழோடு நீர்மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்தால் காலைச் சாப்பாடு முடிந்தது. பழைய சோறு குடலுக்கு நல்லதுதான், ஆனால் அளவு அதற்கும் உண்டு.

கோயில் பிரசாதம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லியில் பச்சரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைபட்டுப் புளித்து, மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்ந்து, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் மணிக்கணக்காக ஆவியில் வேகிறது. ஆலையில் செய்த எந்தப் பண்டமும் இந்த ஊரின் இந்தச் சமையலுக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. பிரசாதமாக ஒரு துண்டு யாருக்கும் தடையில்லை. ஹோட்டலில் காலை உணவாகச் சாப்பிடும்போது ஒரு துண்டோடு நிறுத்தி, சாம்பாரில் உள்ள பருப்பையும் காயையும் கூட வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரைப் பொங்கல் உள்ளங்கையில் அடங்கும் அளவு. மஞ்சளும் மிளகும் சுக்கும் சமையலில் இருக்கட்டும். அழற்சிக்கு என்று விற்கும் மஞ்சள் மாத்திரைக்குப் பணம் கொடுக்க வேண்டாம். மஞ்சளின் சாரம் உடம்பில் மிகக் குறைவாகவே சேர்கிறது.

இரவும் ஷிப்டும்

தறியை விட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் கம்பெனி பஸ்ஸில் போகும் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல். இரவு உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் பகலைவிடக் குறைவு. நள்ளிரவில் சாப்பிடும் ஃபிரைடு ரைஸ் பகலில் சாப்பிடுவதைவிட அதிகம் கெடுக்கும். நைட் ஷிப்டுக்குப் போகும் முன் வீட்டிலேயே முழுச் சாப்பாடு முடித்துவிட்டு, நடு இரவுக்கு அவித்த முட்டை, சுண்டல், கொய்யா என்று டிபன் பாக்ஸில் கொடுத்தனுப்புங்கள். ஷிப்டு முடிந்து வந்து தூங்கும் நேரத்தைக் குடும்பம் காவல் காக்க வேண்டும். தூக்கம் குறைந்தால் பசியும் அழற்சியும் இரண்டும் கூடும்.

பரோட்டா வாரத்தில் ஒருநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்துச் சாப்பிடுவதற்குப் பதில் ஒரு பரோட்டா, கூடவே இரண்டு முட்டையோ கோழிக் கறியோ, நிறைய வெங்காயப் பச்சடி. இரவு எட்டு மணிக்குள் முடித்தால் இன்னும் நல்லது.

இப்படிச் சின்னச் சின்ன மாற்றங்கள் உண்மையில் பலன் தருமா என்று கேட்பது நியாயம். சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 531 பேரை ஏறக்குறைய இரண்டரை ஆண்டு தொடர்ந்து பார்த்து 2006இல் வெளியிட்டார்கள். தனிப்பட்ட ஆலோசனை இல்லாமல் விட்டவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. சர்க்கரையையும் மாவையும் எண்ணெயையும் குறைத்து, நாரைக் கூட்டி, தினமும் நடந்தவர்களில் 39 விழுக்காட்டினருக்குத்தான் வந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை தந்த பலனும் ஏறத்தாழ அவ்வளவே. இத்தனைக்கும் அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை. முழுமையாகத் தடுக்க முடியவில்லை என்பதும் உண்மை. அதனால்தான் விளிம்புக்கு வருவதற்கு முன்பே தொடங்கச் சொல்கிறேன்.

அளவும் எச்சரிக்கையும்

தொடங்கும் நாளில் இடுப்பளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வெறும் வயிற்றில் 100க்குக் கீழே இயல்பு. 100 முதல் 125 வரை விளிம்பு. 126 அல்லது அதற்கு மேல் இரண்டுமுறை வந்தால் நோய். மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையில் 5.7க்குக் கீழே இருக்க வேண்டும், 6.5 தொட்டால் நோய். அழற்சியை அளக்கும் சிஆர்பி பரிசோதனையைத் தனியார் பரிசோதனைக் கூடங்கள் பொதியில் சேர்த்து விற்கின்றன. சளி பிடித்திருந்தாலே அது ஏறிவிடும். மருத்துவர் எழுதிக்கொடுக்காமல் அதற்குச் செலவு செய்ய வேண்டாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் அழுத்தமும் கட்டணமின்றிப் பார்க்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரையும் தருகிறார்கள். அவர்கள் வரும்போது தறியைவிட்டு எழ முடியாது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

ஏற்கெனவே இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் சோற்றையும் சர்க்கரையையும் குறைக்கும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்தின் அளவு அப்படியே இருக்க, உணவு மட்டும் குறைந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் இருட்டுவது அதன் அறிகுறிகள். உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடி குடிக்க வேண்டும். அதற்காகத் தறிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவில் சர்க்கரை இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பயறு, கீரை, கேழ்வரகு எதையும் தாங்களாகக் கூட்டக்கூடாது. அவர்களுக்கு அளவு வேறு. மற்றவர்கள் பன்னிரண்டு வாரம் கழித்து அதே நோட்டில் அதே மூன்று அளவுகளையும் மறுபடி எழுதி, அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகலாம்.